இறங்குவதற்கு அனுமதி இருந்தது, பூ தூவுவதற்கு இருந்ததா?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. மகள் திருமணத்தைச் சொந்தத் தென்னந்தோப்பில் நடத்தினார். ஈவென்ட் கம்பெனி மூலம் ஹெலிகாப்டர் பிடித்து மாப்பிள்ளையை வந்து இறங்க வைத்தார்கள். அப்புறம் அதே ஹெலிகாப்டர் கிளம்பி மணமேடைக்கு மேல் பூ தூவியது. முதல் சுற்றில் பூவெல்லாம் காற்றில் போய்விட்டது. இரண்டாவது சுற்றில் தென்னை உயரத்துக்கு வந்து நின்றபோது பந்தல் தகரம் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தோட்டத்து அம்மாவின் முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். போலீஸில் புகாரும் ஆகிவிட்டது. பத்து நாள் போன் எடுக்காத கம்பெனி, இப்போது இரண்டு லட்சம் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறது. சம்பந்தி வீட்டார் முன்னால் தலைகுனிந்ததற்கு மானநஷ்ட வழக்குப் போடலாமா, கட்டிய பணம் முழுவதும் கிடைக்குமா என்று கேட்கிறார்.

ஐயா, தலைகுனிவு, மன்னிப்புக் கேட்காத பைலட், சம்பந்தியின் பேச்சு எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். அதற்கெல்லாம் மானநஷ்ட வழக்கில் பணம் கிடைக்காது. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "கலெக்டர் ஆபீஸில் என் பெயரில்தான் மனுக் கொடுத்தோம்." வழக்கு முழுக்க அந்த வரிக்குள் இருக்கிறது.

உங்கள் மனுவுக்குக் கிடைத்த அனுமதி, அந்தத் தோப்பில் இறங்கி ஏறுவதற்கு மட்டும். கூட்டத்தின் தலைக்கு மேல் நிற்பதற்கும், மேலிருந்து எதையாவது போடுவதற்கும் கலெக்டர் அனுமதி தர முடியாது. அது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் அதிகாரம். இறங்கும்போதும் ஏறும்போதும் தவிர, திறந்த வெளியில் கூடியிருக்கும் மக்களுக்கு மேல் பறக்க வேண்டுமென்றால், சுற்றிலும் 600 மீட்டருக்குள் இருக்கும் மிக உயரமான பொருளுக்கு மேல் 300 மீட்டராவது உயரம் வேண்டும். ஆளில்லாத வெட்டவெளியிலேயே 150 மீட்டர் வேண்டும். இதற்குக் கீழே வர தனி அனுமதி தேவை, பூவைக் கீழே போடவும் தேவை. உங்களுடையது தென்னை உயரம். "எல்லா பர்மிஷனும் இருக்கு" என்று கம்பெனி வாயால் சொன்னது போதாது. ஹெலிகாப்டரை ஓட்டும் நிறுவனமான ஆபரேட்டர் பெயரில் டி.ஜி.சி.ஏ. கொடுத்த கடிதம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

பைலட் இருபது வருட அனுபவசாலி என்கிறார்களாம். ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்க வேண்டுமென்றால், தன் எடையைத் தாங்கும் அளவுக்குக் காற்றைக் கீழே தள்ளியே ஆக வேண்டும். பெல் 407 போன்ற ஒன்று முழுச் சுமையோடு 2,300 கிலோவுக்கு மேல் இருக்கும். யார் ஓட்டினாலும் அந்தக் காற்று குறையாது, அதற்கு முன்னால் பந்தல் தகரம் எம்மாத்திரம்? அந்த உயரத்தில் வேகமில்லாமல் நிற்கும்போது எஞ்சின் நின்றிருந்தால், விசிறி சுழலும் வேகத்தில் மெல்ல இறக்கவும் இடம் இருந்திருக்காது. பந்தலில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். இது ஆபரேட்டருக்கும் நன்றாகத் தெரியும். அதனால்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள்.

அந்தப் பேப்பருக்கு வருகிறேன். வக்கீலான என்னிடம் வழக்கோடு வந்த கட்சிக்காரர்கள் சறுக்கி விழுந்த இடம் இதுதான். "நிகழ்ச்சி திருப்தியாக நடந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, மூன்றாம் நபர் யாராவது கேட்டால் நானே பொறுப்பு" என்ற மாதிரி மூன்று வரி இருக்கும். பணம் திரும்பி வருகிற சந்தோஷத்தில் கடைசி வரியைப் படிக்க மாட்டார்கள். ஒரு மில் திறப்பு விழாவில் இப்படி ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர், பிறகு காயம்பட்ட தொழிலாளி போட்ட வழக்கில் தனியாக நின்றார். கம்பெனியை உள்ளே இழுக்கப் பார்த்தோம். அவர்கள் அந்தப் பேப்பரைத்தான் நீட்டினார்கள்.

உங்கள் நிலைமை அதைவிட மோசம். சாலை விபத்தென்றால் தனித் தீர்ப்பாயம் உண்டு, இன்சூரன்ஸ் கம்பெனியும் அவ்வளவு சுலபமாகக் கைகழுவ முடியாது. இதற்கு அந்த வசதி கிடையாது, சிவில் வழக்குத்தான். அனுமதியை மீறிப் பறந்ததென்றால் பாலிசி பொருந்தாது என்று இன்சூரன்ஸ்காரர் சொல்லலாம். அப்போது அந்த அம்மாவின் வக்கீல் யாரைத் தேடுவார்? தோப்புக்காரரை, மனுவில் பெயர் இருப்பவரை.

"இன்னும் கீழே வரச் சொல்லுங்க" என்று உங்கள் மச்சான் கம்பெனி ஆளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அழிக்க நினைக்காதீர்கள். அது இன்னொரு போனிலும் இருக்கிறது, அழித்தால் சாட்சியத்தை மறைத்த தனிக் குற்றமாகும். எலும்பு முறிவு என்றால் கொடுங்காயம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125(b) பிரிவில் மூன்று வருடம் வரை தண்டனை உண்டு. பைலட்டுக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டுப் பெயரும் சேர அந்த ஒரு மெசேஜ் போதும். ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன் அதை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்.

விமானச் சட்டத்தின் கீழான குற்றத்துக்குப் போலீஸ் நேராக வழக்கு நடத்த முடியாது, விமானத்துறை அதிகாரியின் புகார் வேண்டும். ஜார்க்கண்ட் மாநிலத் தேவ்கர் விமான நிலைய வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. எனவே டி.ஜி.சி.ஏ.வுக்கு நீங்களே எழுதுங்கள். அடுத்த கல்யாணத்தில் தகரம் ஒரு குழந்தையின் கழுத்தில் விழக்கூடாது. ஆனால் "பணம் தந்தால் புகார் இல்லை" என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். அது உங்கள் மேலேயே திரும்பும்.

பணத்தைத் திரும்பப் பெறும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சமரசத்துக்குப் போங்கள். ஆனால் அந்த அம்மாவுடன் தனியாகப் பேசி முடிக்காதீர்கள், இன்சூரன்ஸ்காரருக்குத் தெரியாமல் பொறுப்பை ஒப்புக்கொண்டால் அதையே காரணம் காட்டிப் பணம் தர மறுப்பார்கள். கம்பெனி, ஆபரேட்டர், இன்சூரன்ஸ் மூன்று பேருக்கும் நோட்டீஸ் கொடுத்து, தாலுகா சட்டப் பணிகள் குழு மூலம் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) உட்காருங்கள். அங்கே எழுதுவது சிவில் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பிளேட்டை எடுக்கும் அடுத்த ஆபரேஷன் செலவும், தோட்ட வேலை நின்ற நாட்களும் தொகையில் சேர வேண்டும். உங்கள் பங்காக ஒரு தொகை விழும். தந்துவிடுங்கள். கொடுங்காய வழக்கையும் அந்த அம்மா சம்மதித்தால்தான் கோர்ட் மூலம் முடிக்க முடியும்.

கம்பெனிக்கு இன்றைக்கே பதில் போடுங்கள்: கையெழுத்து இல்லை, அனுமதிக் கடிதமும் பாலிசி நகலும் அனுப்புங்கள். அப்புறம் மனைவியோடு போய் அந்த அம்மாவைப் பாருங்கள். பணப் பேச்சு எடுக்காமல், கை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.