கச்சேரியில் பக்கத்தில் இருப்பவர் கண் கலங்குகிறார். எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை?

கேள்வி இது: மொரிசியஸில் கோயில் பாட்டும் காவடிப் பாட்டும் கேட்டு வளர்ந்தவர். தமிழ் ஓரளவுதான். கர்நாடக வாய்ப்பாட்டுக் கச்சேரியில் அரைமணி நேரத்தில் மனம் எங்கோ போய்விடுகிறது. பக்தி என்கிறார்களே, அது எப்போது வரும்?

முதலில் பக்கத்து இருக்கைக் கண்ணீரை மறந்துவிடுங்கள். பலருக்கு அது வீட்டில் பாட்டி பாடிய பாட்டின் ஞாபகம். ஞாபகம் இல்லாதவருக்கு வேறு வாசல் உண்டு.

உங்கள் சிக்கல் பக்தியில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. கோயிலில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவீர்கள், கை தட்டுவீர்கள். கச்சேரியில் வாய் மூடி உட்கார வேண்டும். வாய்க்கும் கைக்கும் வேலை போனால் மனம் ஓடத்தானே செய்யும்? ஆகவே கைக்கு வேலை கொடுங்கள்.

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு (உள்ளங்கையை மேலே திருப்புவது), தட்டு, வீச்சு. தொடையில் போடுங்கள், நாற்காலிக் கையில் தட்டினால் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். மண்டபத்தின் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் உட்கார்ந்தால் பாடகரின் வலக்கை தெரியும், அதைப் பார்த்தே பிடிக்கலாம். இரண்டு இடத்தில் தவறும். பல பாட்டுகள் தட்டோடு தொடங்காமல் சற்றுத் தள்ளி எடுக்கப்படும்; தாளம் தப்பிவிட்டதாக நினைத்து நிறுத்திவிடாதீர்கள். பெரிய பாட்டு இரண்டு களையில் இருந்தால் ஒவ்வொரு விரலும் இரண்டு முறை விழும், வேகம் பாதியானதுபோல் இருக்கும். எண்ணிக்கை பிடிபடவில்லையா? வட்டம் தொடங்கும் முதல் தட்டை மட்டும் பிடியுங்கள், போதும்.

தாளத்துக்கும் முன்னே சுருதி, அதாவது பாட்டு முழுக்க நிற்கும் ஆதார ஒலி. பாட்டு தொடங்குவதற்கு முன் தம்புரா ஒலிக்கும் சில நிமிடங்களைப் பேச்சில் கழிக்கிறவர்கள்தான் அதிகம். நான்கு தந்திகள்: முதல் தந்தி பஞ்சமம் (ப), அடுத்த இரண்டும் நடு ஸட்ஜம் (ஸ), கடைசித் தந்தி மந்தர ஸட்ஜம் (கீழ் ஸ). அந்த ஸட்ஜத்தைத் தொண்டைக்குள்ளேயே, ஒலி வராமல் பிடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும்; குளிர்சாதனம் போட்டால் காய்ந்து ஏறும். அதனால் பாட்டுகளுக்கு நடுவே வித்வான் கல்லால் விளிம்பைத் தட்டிச் சரிசெய்துகொண்டே இருப்பார். அது வீண் நேரம் அல்ல, ஸட்ஜத்தை மறுபடி பிடிக்க உங்களுக்குக் கிடைத்த நேரம்.

இனி முக்கியமானது, நிரவல். பெரிய பாட்டில் பாடகர் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வார். சொற்கள் தாளத்தில் ஏறத்தாழ அதே இடங்களில் விழ, மெட்டு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் மாறும். கீழ் ஸ்தாயியில், அதாவது தாழ்ந்த குரலில், தொடங்கி மேல் ஸட்ஜம் வரை ஏறும், பிறகு இரண்டாம் காலத்துக்கு, அதாவது இரட்டை வேகத்துக்கு, மாறும். நம்முடைய திருப்பிப் பாடலுக்கு மிக அருகில் வருவது இதுதான்: ஒரே வரி, பத்து நிமிடம். ராகத்தின் பெயரைத் தேடிக் கைப்பேசியை எடுப்பவர் இதைத் தவறவிடுவார். பதிவு செய்கிறவரும் அப்படியே. தமிழ்ப் பாட்டு என்றால் அந்த வரியின் நாலைந்து சொற்களைப் பிடித்து, மனதுக்குள் நீங்களும் பாடுங்கள். தெலுங்கு, சமஸ்கிருதம் என்றால் தெய்வத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ மட்டும் பிடியுங்கள். அது ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்துக்கு வரும்போது, காத்திருந்து அதைச் சந்திக்கிறீர்கள். என் கணக்கில் கச்சேரியின் பக்தி இந்தக் காத்திருப்பில் இருக்கிறது, சாமி பெயரைக் கேட்டதில் இல்லை.

வீட்டில் பயிற்சிக்கு ஒரே ஒரு தமிழ்ப் பாட்டை எடுங்கள். வரியைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். அதில் கல்லும் காலும் ஒன்றாகிவிடும், ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்தாகும். நெடிலுக்கு மேல் கோடு போடுங்கள், ழகரத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். பொருளை அந்த ஒரு வரிக்கு மட்டும் தமிழ் தெரிந்தவரிடம் கேட்டால் போதும். முறையாகப் படிக்க ஆசை வந்தால் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றுத் தருகிறார்கள்.

ராகம் தெரியாதே என்ற கூச்சம் வேண்டாம். கோயிலில் தேவாரத்தைப் பண்ணோடு, அதாவது அதன் பழைய தமிழ் ராகத்தோடு, கேட்டிருந்தால் காதுக்கு முன்பே தெரியும். கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார்களின் மரபில் தக்கேசிப் பண் காம்போதி ராகம், பழம்பஞ்சுரம் சங்கராபரணம், செவ்வழி யதுகுலகாம்போதி. காம்போதி ஆலாபனையில் (பாட்டு வரி இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவதில்) எங்கோ கேட்டதுபோல் தோன்றினால் அது பிரமை அல்ல.

மிருதங்கம் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகிறார்களே, அவர்களோடு போகாதீர்கள். பஸ் முன்னிரவிலேயே குறைந்துவிடும், தெரியும். வண்டிக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இன்று வழங்கும் கச்சேரி முறையை வகுத்தவர் என்று பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். அந்த முறையில் விருத்தம், திருப்புகழ் போன்ற தமிழ்த் துக்கடாக்கள் (சிறு பாட்டுகள்) பெரும்பாலும் தனிக்குப் பிறகுதான் வரும். தமிழ் கேட்க வந்து, தமிழ் வரும் முன்பே கிளம்புவது நம் ஊரில் சகஜம். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது, கையை ஓய்வாக விடலாம்.

கடைசியில் கச்சேரியை முடிக்கும் மங்களம். பெரும்பாலும் சௌராஷ்டிர ராகம், ஓதுவார்களின் வியாழக்குறிஞ்சிப் பண். கார் சாவியைத் தேடும் நேரத்தில் பாடப்படுவதால் யாரும் கவனிப்பதில்லை.