கல்யாணத்துக்கு ஒரு ரேட், கடைக்கு ஒரு ரேட்: போட்டோகிராபர் கணக்கு எப்படிப் போடுவது?

"அண்ணா, நான் தண்டையார்பேட்டை. நான்கு வருடம் ஒரு ஸ்டுடியோவில் அசிஸ்டெண்டாக இருந்தேன். தனியாக வந்து எட்டு மாதம் ஆகிறது. வைகாசியில் காசிமேட்டில் ஒரு மீனவர் வீட்டுக் கல்யாணம் எடுத்தேன். ரிசப்ஷன், முகூர்த்தம், வீடியோ, ஆல்பம் எல்லாம் சேர்த்து 25,000 சொன்னேன். ராத்திரி பகலாக உழைத்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. இன்னும் 6,000 பாக்கி, ஆல்பமும் பிரிண்டுக்குப் போகவில்லை. இப்போது எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை 80 சுடிதார் எடுத்துத் தரச் சொல்கிறது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ கேட்கிறார்கள். மணலியில் ஒரு கம்பெனி கொட்டேஷன் கேட்டிருக்கிறது. எதற்கு எவ்வளவு சொல்வது என்று புரியவில்லை. ஊரில் என்ன ரேட் ஓடுகிறது?"

தம்பி, கடைசியாகக் கேட்டீர்களே, ஊரில் என்ன ரேட் ஓடுகிறது என்று, நீங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான். வண்ணாரப்பேட்டையில் 20,000-க்குக் கல்யாணம் எடுக்கிறவர் இருப்பார். அவருக்குக் கடை சொந்தமாக இருக்கலாம், வீடியோ அவர் தம்பி எடுக்கலாம், ஆல்பம் டிசைனை வீட்டம்மாவே செய்யலாம். அந்த 20,000 அவர் வீட்டுக்குச் சரி. உங்கள் வீட்டு வாடகை அவருக்குத் தெரியாது, அவர் கடன் அடைந்துவிட்டதா என்பது உங்களுக்குத் தெரியாது.

ஆடி மாதம், கல்யாண வேலை இருக்காது. ஒரு சாயங்காலம் நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், தொகையை உங்களுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். கேமரா, இரண்டு லென்ஸ், ஃபிளாஷ்கள், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 4 லட்சம் என்று வைப்போம். நான்கு வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 1 லட்சம். சின்ன அறைக்கு வாடகை, கரண்ட் மாதம் 8,000, வருடத்துக்கு 96,000. சாஃப்ட்வேர், ஹார்டு டிஸ்க், நெட், போன் 40,000. பெட்ரோல், வண்டி சர்வீஸ், கேமரா சர்வீஸ் 44,000. அப்புறம் உங்கள் சம்பளம். இதைத்தான் பெரும்பாலும் எழுத மறந்துவிடுகிறோம். வீட்டுக்கு மாதம் 30,000 வேண்டும் என்றால் வருடத்துக்கு 3,60,000. ஆக மொத்தம் 6,40,000.

இதை 365-ஆல் வகுக்கக்கூடாது. ஆடி போச்சு, மார்கழி போச்சு, புரட்டாசியில் பாதிப் பேர் விசேஷமே வைப்பதில்லை. மிச்ச மாதங்களிலும் எல்லோரும் அதே வளர்பிறை முகூர்த்தத்தைத்தான் பிடிப்பார்கள். ஒரே நாளில் நாலு பேர் கூப்பிட்டாலும் நீங்கள் போகப்போவது ஒரு மண்டபத்துக்குத்தான். புதிதாக வந்தவருக்கு வருடத்தில் 80 நாள் ஷூட் கிடைத்தால் நல்ல வருடம் என்பேன். 6,40,000-ஐ 80-ஆல் வகுத்தால் 8,000. வேலை வராத மாதத்துக்கும், திடீரென்று லென்ஸ் கீழே விழுவதற்கும் கொஞ்சம் சேர்த்தால் ஒரு நாளுக்கு 10,000. இதில் லாபம் கிடையாது. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் வெளியே போனால் உங்களுக்கு அடங்கும் அசல் இது. அந்த ஒரு நாளுக்குப் பின்னால் இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதும் இந்த 10,000-க்குள்தான்.

இப்போது காசிமேட்டுக் கல்யாணத்துக்கு வருவோம். வீடியோகாரருக்கு இரண்டு வேளைக்கும் 8,000, லைட் பிடித்த பையனுக்கு 3,000, ஆல்பத்துக்கு 7,000, பென்டிரைவ், ஆட்டோ, டீ, டிபன் என்று 1,500. இதுவே 19,500. உங்களுக்கு மிச்சம் 5,500. சாயங்கால ரிசப்ஷனும் மறுநாள் காலை முகூர்த்தமும் இரண்டு நாள், அதற்கு எடிட்டிங் நான்கு நாள். ஆறு நாள் உழைப்புக்கு நாளொன்றுக்கு 900 சொச்சம், அதுவும் சொந்தக் கேமராவைத் தேய்த்துக்கொண்டு. தேய்மானம் என்று சும்மா சொல்லவில்லை. நிக்கான் டி750-க்கு ஷட்டர் ஆயுள் 1,50,000 கிளிக் என்று கம்பெனியே சொல்கிறது. கல்யாணத்துக்கு 3,000 படம் எடுத்தால் ஐம்பதாவது கல்யாணத்தில் அந்த எண்ணிக்கை முடிந்துவிடும். அதற்குப் பிறகும் ஓடும்தான், ஆனால் நடு முகூர்த்தத்தில் அது நின்றுபோனால் தாலியை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது.

ஆக, இரண்டு நாளுக்கு 20,000, வெளியே கொடுப்பது 19,500. 40,000-க்குக் கீழே நீங்கள் இறங்கியிருக்கக்கூடாது. அவர்கள் கையில் 25,000-தான் இருந்தது என்றால் அதற்கும் வழி உண்டு: வீடியோ வேண்டாம், முகூர்த்தம் மட்டும், ஆல்பத்துக்குப் பதில் சாஃப்ட் காப்பி. பேரம் பேசுகிற வீட்டில் நான் தொகையில் கை வைப்பதே இல்லை, கொட்டேஷனில் ஒரு வரியை அடித்துவிடுவேன். அப்போதுதான் எந்த வேலைக்கு என்ன விலை என்பது அவர்களுக்கும் தெரியவரும். ஆல்பத்திலும் 'ஒரு ஆல்பம்' என்று எழுதாதீர்கள். 12-க்கு 36 அங்குல அளவில் 30 ஷீட், அதற்கு மேல் ஷீட்டுக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். மாமியார் வீட்டுப் பெரியப்பா விட்டுப்போச்சு என்று கடைசியில் எட்டு ஷீட் ஏறும். அந்தக் காசு உங்கள் கையிலிருந்து போகக்கூடாது.

பணத்தைப் பிரித்து வாங்குவது ரேட்டைவிட முக்கியம். நாள் குறிக்கும்போது பாதி, ரிசப்ஷன் அன்று மேடை ஏறுவதற்கு முன்னால் 40 சதவீதம், ஆல்பம் கொடுக்கும்போது மிச்சம். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க 30 நாள் என்றும் ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் முதல் குழந்தைக்குக் காதுகுத்து எடுக்கப் போகும்போதுதான் கல்யாண செலக்‌ஷன் வரும்.

சின்ன விசேஷங்களில் ஒரு பொறி இருக்கிறது. மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, காதுகுத்து எல்லாம் அரை நாள்தானே என்று பாதி ரேட் சொல்லிவிடுவோம். முகூர்த்த நாளில் காலை பத்து மணிக்கு ஒரு காதுகுத்தை ஒப்புக்கொண்டால் அன்றைக்கு வரும் கல்யாணத்தை விட வேண்டியிருக்கும். அதனால் முகூர்த்த நாளில் அரை நாளும் முழு நாள்தான். சாதாரண செவ்வாய், புதன் சாயங்காலம் என்றால் 6,000-க்குப் போகலாம், எப்படியும் சும்மா இருக்கும் நாள்.

சாவு வீட்டுக்கு மட்டும் நான் இந்தக் கணக்கு எதையும் கொண்டுபோவதில்லை. பழைய ரேஷன் கார்டுப் படத்திலிருந்து முகத்தை எடுத்துச் சரிசெய்து பிரேம் போட்டுக் கொடுத்துவிட்டு, பிரேமுக்கு ஆன காசை மட்டும் வாங்குவேன். இது தொழில் ஆலோசனை இல்லை, என் வழக்கம்.

எம்.சி. ரோட்டுக் கடைக்கு நாள் ரேட் சொன்னால் கடைக்காரருக்குப் பிடிக்காது. அவர் துணியைப் பீஸ் கணக்கில் வாங்கி விற்கிறவர், அவரிடம் பீஸ் கணக்கிலேயே பேசுங்கள். ஆனால் அந்தப் பீஸ் ரேட்டுக்கு அடியில் உங்கள் நாள் ரேட் இருக்க வேண்டும். பொம்மைக்குச் சுடிதார் மாட்டி, சுருக்கம் எடுத்து, முன், பின், கழுத்து வேலைப்பாடு என்று மூன்று படம் எடுக்க ஒரு பீஸுக்கு ஆறு நிமிடம். 80 பீஸுக்கு எட்டு மணி நேரம், ஒரு முழு நாள். 240 படங்களுக்குப் பின்னணி வெட்டி நிறம் சரிபார்க்க, படத்துக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 20 மணி நேரம். வழக்கமான இரண்டு நாளைவிட எடிட்டிங் அரை நாள் கூடுகிறது, அதனால் 12,000. இஸ்திரி போட ஒரு ஆளுக்கு 1,000. 13,000-ஐ 80-ஆல் வகுத்தால் பீஸுக்கு 160 சொச்சம் வருகிறது. 175 சொல்லுங்கள்.

இரண்டு விஷயம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். படம் வாட்ஸ்அப் குரூப்புக்கா, அமேசானுக்கா? அமேசானில் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் படத்தில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். ஆடைக்கு அதற்கு மேலும் விதி இருக்கிறது, கடைக்காரரை அவருடைய விற்பனைக் கணக்கில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பொம்மை போதாது, மாடல் வேண்டும் என்று ஆனால் 175 செல்லாது. மாடல் சம்பளம், மேக்கப் தனி, ஒரு நாளில் 80 பீஸும் முடியாது. அடுத்தது, இன்றைக்கு 80 பீஸ் என்பவர் அடுத்த வாரம் "பத்தே பத்து புது டிசைன் வந்திருக்கு, அதே ரேட்தானே" என்பார். லைட்டைத் தூக்கிப்போய் நிறுத்துகிற வேலை பத்துக்கும் எண்பதுக்கும் ஒன்றுதான். 5,000-க்குக் குறைந்து கடைப்படி ஏறுவதில்லை என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

பள்ளிக்கூடத்தில் நாளும் இல்லை, பீஸும் இல்லை, தலை எண்ணிக்கைதான். எடுப்பதற்கு யாரும் காசு தரமாட்டார்கள், பிரிண்ட் விற்றால்தான் வருமானம். 600 பிள்ளைகள், பிரிண்டும் அட்டையும் உங்களுக்கு 45 ஆகிறது, 120-க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். எல்லோரும் வாங்க மாட்டார்கள். பத்துக்கு ஆறு பேர் என்று போட்டால் 360 பிரிண்ட், 75 ரூபாய் வீதம் 27,000. எடுக்க இரண்டு நாள், பெயர் வரிசை தட்டச்சு செய்ய ஒரு நாள். பெயர் ஒன்று தப்பினால் மொத்த வகுப்புக்கும் திரும்ப அடிக்க வேண்டும், அதற்கு ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்டர் பணம் வந்த பிறகுதான் பிரிண்ட். இந்தப் பக்கத்துச் சர்ச்சுகளில் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவை எடுப்பதும் இதே கணக்குதான்.

மணலிக்கு வருவோம். தொழிற்சாலையில் படம் எடுக்கிற நேரத்தைவிடக் காத்திருக்கிற நேரம் அதிகம். கேட் பாஸ், பாதுகாப்பு வகுப்பு, ஹெல்மெட், ஷூ. எரிவாயு, எண்ணெய் கையாளும் பகுதிக்குள் பேட்டரியில் ஓடும் கேமராவையும் ஃபிளாஷையும் நினைத்தபடி கொண்டுபோக முடியாது, பெர்மிட் வேண்டும். அது வரும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தாலும் அது உங்கள் நாள்தான். கேட்டுக்குள் நுழைந்த நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் ஒரு நாள், அன்று வேலை நடக்காவிட்டாலும் பாதித் தொகை உண்டு என்று கொட்டேஷனில் எழுதுங்கள்.

இங்கே இன்னொன்றும் விற்கிறீர்கள்: படத்தைப் பயன்படுத்தும் உரிமை. எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு கடைக்கு காலண்டருக்கென்று ஒரு படம் எடுத்தேன், 3,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து பேசின் பிரிட்ஜ் பக்கம் பஸ்ஸில் போகும்போது அதே படம் வானளவு ஹோர்டிங்கில் நிற்கிறது. நேரே போய்ச் சண்டை போட்டேன். "காசு கொடுத்தாச்சே" என்றார்கள். வக்கீலிடம் போனால் அவர் சட்டத்தைப் பிரித்துக் காட்டினார். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவு: ஒருவர் கேட்டு, காசுக்கு எடுத்துக் கொடுத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் கேட்டவர்தான். நான் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்கவில்லை. அன்றைக்குச் சண்டை போட்டது மட்டும்தான் மிச்சம்.

அதனால் கம்பெனி வேலையில் இரண்டு தொகை எழுதுங்கள். எடுக்கும் கூலி ஒன்று. பதிப்புரிமை உங்களிடமே இருக்கும், இந்தப் படத்தை ஆண்டறிக்கைக்கும் வெப்சைட்டுக்கும் இரண்டு வருடம் பயன்படுத்தலாம் என்பதற்கு இன்னொன்று. ஹோர்டிங், பத்திரிகை விளம்பரம் என்றால் அது தனி. இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். காலத்தை எழுதாமல் விட்டால் அதே சட்டத்தின்படி ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்வார்கள், இடத்தை எழுதாமல் விட்டால் இந்தியா முழுக்க. கல்யாண வீட்டில் இதையெல்லாம் பேசாதீர்கள், அவர்கள் படம் அவர்களுக்குத்தான். உங்கள் இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொள்ள அனுமதி மட்டும் வாங்கிக்கொண்டால் போதும்.

கம்பெனியில் ஜி.எஸ்.டி. நம்பர் கேட்பார்கள். நம்மைப் போலச் சேவை செய்கிறவர்களுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். உங்களுக்கு இப்போது சாதாரண பில் போதும். டி.டி.எஸ். என்று வருமான வரியில் ஒரு பங்கை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புவார்கள். பதறவேண்டாம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள், இலவசம். பதிவு இருந்தால் 2006-ஆம் வருடத்து குறு, சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது, வைத்தால் வட்டி. பதிவு எண்ணைப் பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள்.

கடைசியாக அந்த 6,000. வைகாசியில் அவர்கள் தராததற்கு உங்கள்மீது கோபம் காரணமாக இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாத நேரத்தில் கல்யாணச் செலவையே கடன் வாங்கித்தான் செய்திருப்பார்கள். இப்போது படகு போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆல்பம் டிசைனைப் போனில் எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் வீட்டுக்கே போங்கள். பெண்ணின் அம்மாவிடம் ஒவ்வொரு பக்கமாகக் காட்டுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பாக்கி வந்ததும் பிரிண்டுக்குக் கொடுக்கிறேன், பத்து நாளில் கையில் இருக்கும் என்று சொல்லுங்கள். ஆவணியில் அவர்கள் வீட்டில் அடுத்த விசேஷம் பற்றிப் பேச்செடுத்து "போன தடவை ரேட்டே போட்டுக்கோ தம்பி" என்றால், டீயைக் குடித்துவிட்டு, கொட்டேஷன் எழுதி நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று எழுந்துவிடுங்கள். ரேட்டை வாயால் சொல்லாதீர்கள்.