வாடகை லென்ஸ் கீழே விழுந்தது, புது லென்ஸ் விலையைக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: தங்கை கல்யாணத்தைப் படமெடுக்க 70-200 லென்ஸ் ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். ட்ரைபாடில் கேமராவோடு வைத்துவிட்டுப் பந்திக்குப் போனபோது, ஓடி விளையாடிய குழந்தை இடித்துச் சாய்ந்துவிட்டது. என் கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. லென்ஸின் மவுண்ட் (கேமராவில் மாட்டும் பாகம்) வளைந்து, ஜூம் வளையமும் இறுகிவிட்டது. கடைக்காரர் புது லென்ஸின் முழு விலையைக் கேட்கிறார், அட்வான்ஸையும் தர மறுக்கிறார். நான் கையெழுத்துப் போட்ட தாளில் 'சேதமானால் முழு விலை' என்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பழுதுபார்க்கும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். புது லென்ஸ் விலையை ஏற்காதீர்கள்.

முதல் பகுதியில் மறுக்க இடமில்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை, விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பது போலக் காக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151ஆவது பிரிவு. அந்த அக்கறை இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், சேதத்துக்குப் பொறுப்பில்லை என்கிறது அடுத்த பிரிவு. ஆனால் குழந்தைகள் ஓடும் கல்யாண மண்டபத்தில் கனமான லென்ஸை ஆளில்லாமல் நிறுத்திவிட்டுப் போனதை அக்கறை என்று வாதாடுவது கஷ்டம். குழந்தையின் பெற்றோரிடம் கேட்பதும் வேண்டாம்.

சரி, கையெழுத்துப் போட்ட அந்த வரி? அது இருப்பதாலேயே கடைக்காரர் கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அது உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்பது அதே சட்டத்தின் 74ஆவது பிரிவு. அப்புறம், நடந்த நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் மேல் சுமத்தும் ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பல கல்யாணம் பார்த்துத் தேய்ந்த லென்ஸுக்குப் புது விலை கேட்பது அநியாயம்.

இப்போது செய்ய வேண்டியது, லென்ஸை அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி எழுத்துப்பூர்வமான எஸ்டிமேட் வாங்குவது. பரிசோதனைக் கட்டணம் கேட்டால் நீங்களே கட்டிவிடுங்கள். மவுண்ட் தனியாக மாற்றக்கூடிய பாகம். உள்ளே கண்ணாடிகள் அச்சு விலகியிருந்தால்தான் செலவு ஏறும், அப்போது படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கலாக விழும். அதைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று வளைந்த மவுண்டை உங்கள் கேமராவில் மாட்டிவிடாதீர்கள், கேமராவின் மவுண்டும் கெடும். வாரண்டியை நம்ப வேண்டாம், விழுந்த சேதம் அதில் வராது.

எஸ்டிமேட் வந்ததும், அட்வான்ஸைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதாகக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பிலோ ஸ்பீட் போஸ்டிலோ எழுதுங்கள். பழுது நடக்கும் நாட்களின் வாடகை நஷ்டத்தில் ஒரு பங்கை அவர் கேட்டால் கொடுப்பது நியாயம், சின்னக் கடைக்கு அந்த ஒரு லென்ஸே வருமானமாக இருக்கலாம். பழுதுபார்க்கவே முடியாது என்று சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்தால், அதே வயதுள்ள பழைய லென்ஸ் இன்று என்ன விலைக்குப் போகிறதோ அதுதான் கணக்கு. அந்தத் தொகையைக் கொடுத்தால் உடைந்த லென்ஸ் உங்களுக்கு வர வேண்டும், ரசீதும் வேண்டும்.

அதற்கும் மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லுங்கள். அட்வான்ஸைப் பிடித்துவைத்ததற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. ஒப்பந்தமே நியாயமற்றது என்று எதிர்ப்பதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. வாடகைத் தாள், பணம் அனுப்பிய விவரம், லென்ஸின் படங்கள், எஸ்டிமேட் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.