தண்டர்பேர்ட் திணறுகிறதா? முதலில் இன்பாக்ஸைப் பாருங்கள்

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நண்டு வாங்கி அனுப்பும் சிறு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். பல வருட மெயில் முழுவதும் அலுவலகக் கணினியில், தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் இருக்கிறது. காலையில் அதைத் திறந்தால் டீ குடித்துவிட்டு வரும்வரை வெள்ளைத் திரைதான். மெமரியையும் அதுவே பிடித்துக்கொள்வதால் கணக்கு மென்பொருள் டேலி நின்றுவிடுகிறது. மெயிலை மூடினால் எல்லாம் சரியாக ஓடுகிறது. உப்புக்காற்றில் மெஷின் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். உப்புக்காற்று போர்டையும் ராம் கால்களையும் அரிக்கும் என்பது உண்மைதான். அப்படி அரித்திருந்தால் கணினி தானாக அணையும், நீலத்திரை வரும். மெயிலை மூடியதும் எல்லாம் சரியாகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் உங்கள் இன்பாக்ஸில்தான்.

தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில் அனைத்தையும் ஒரே கோப்பில் வரிசையாக எழுதி வைக்கும். நீங்கள் ஒரு மெயிலை அழித்தால், அழிந்தது என்ற குறி மட்டுமே விழும். மெயில் கோப்புக்குள்ளேயே கிடக்கும். போதாக்குறைக்கு, மெயிலில் வரும் இணைப்புகள் எழுத்துகளாக மாற்றப்படுவதால் 3 எம்பி போட்டோ 4 எம்பி ஆகிவிடும். பெட்டி பெட்டியாக நண்டுப் படம், இன்வாய்ஸ் என்று பல வருடம் சேர்ந்தால் கோப்பு ஜிபி கணக்கில் ஊதிவிடும்.

எதையும் தொடுமுன் நகல் எடுங்கள். ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷனைத் திறந்து, ப்ரொஃபைல் ஃபோல்டருக்கு (உங்கள் மெயிலும் செட்டிங்ஸும் இருக்கும் இடம்) எதிரே உள்ள பொத்தானை அழுத்துங்கள். ஃபோல்டர் திறந்ததும் தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதை முழுவதுமாக வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். உங்கள் கணக்கு, மெயிலைச் சர்வரிலிருந்து கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் (POP) முறையில் இருந்தால் பழைய மெயிலுக்கு இந்தக் கணினியைத் தவிர வேறு பிரதியே இல்லாமல் இருக்கலாம். அதனால் இந்த வேலையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பென்டிரைவ் ஃபேட்32 (FAT32) ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் (exFAT) ஆக ஃபார்மட் செய்தது வேண்டும்.

அப்புறம் ட்ராஷைக் காலி செய்துவிட்டு, இன்பாக்ஸை ரைட் கிளிக் செய்து 'காம்பாக்ட்' கொடுங்கள். அழிந்த மெயில்கள் உண்மையில் வெளியேறுவது இப்போதுதான். இந்த வேலைக்காகப் புதிய கோப்பு ஒன்று எழுதப்படும். ஆகவே டிஸ்க்கில் இன்பாக்ஸ் அளவுக்காவது இடம் காலியாக இருக்கட்டும். பாதியில் கரண்ட் போனால் ஆபத்து, யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். படகு கடலுக்குப் போகாத ஒரு நாளாகப் பார்த்துச் செய்தால் நிதானமாக முடிக்கலாம்.

மீதியை வருடவாரியாக 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கீழே பிரித்து நகர்த்துங்கள். ஒரேயடியாக அல்ல, சில நூறு மெயிலாக. நகர்த்தியதும் இன்பாக்ஸை மறுபடி காம்பாக்ட் செய்யுங்கள். பலர் இதை மறந்துவிட்டு, பிரித்தும் பலனில்லை என்கிறார்கள். இனி இன்பாக்ஸில் நடப்பு மாத மெயில் மட்டும் இருந்தால் போதும்.

இவ்வளவுக்கும் மெமரி பிடிப்பது குறையவில்லையா? ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே தண்டர்பேர்டைத் திறந்தால் ட்ரபிள்ஷூட் மோடில், அதாவது ஆட்-ஆன் எனும் கூடுதல் துணை நிரல்கள் இல்லாமல் வரும். அதில் வேகமாக இருந்தால் ஏதோ ஒரு ஆட்-ஆன் காரணம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். அதிலும் மெதுவாகவே இருந்தால் செட்டிங்ஸில் 'குளோபல் செர்ச் அண்ட் இண்டெக்ஸர்' என்பதை நிறுத்திவிடுங்கள். எல்லா மெயிலுக்கும் தேடல் அட்டவணை போடும் வேலை அது. நிறுத்தினாலும் ஒரு ஃபோல்டருக்குள் அனுப்பியவர் பெயரையோ தலைப்பையோ வைத்துத் தேடலாம், அலுவலகத்துக்கு அது போதும்.

ஆன்டிவைரஸையும் கவனியுங்கள். ஒரு புது மெயில் வந்தாலும் இன்பாக்ஸ் கோப்பு மாறிவிடுகிறது, உடனே ஆன்டிவைரஸ் முழுக் கோப்பையும் மறுபடி சோதிக்கும். ப்ரொஃபைல் ஃபோல்டரைச் சோதனையிலிருந்து விலக்கலாம். ஆனால் மெயிலில் வரும் இணைப்பை நேராகத் திறக்காமல், தனி ஃபோல்டரில் சேமித்துத் திறக்கும் பழக்கம் வேண்டும். அப்போது ஆன்டிவைரஸ் அதைப் பார்த்துவிடும்.

இதன் பிறகும் பணம் போடத்தான் வேண்டும் என்றால் புதுக் கணினி வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி (SSD) டிஸ்க் போடுங்கள். ராம் 4 ஜிபிதான் என்றால் 8 ஆக்குங்கள், டேலியும் மெயிலும் சேர்ந்து ஓட அது தாராளம்.