15 பார் அழுத்தமும் ஒரு டபரா காபியும்

(மாயவரத்தில் 32 ஆண்டுகள் காபிக்கொட்டை வறுத்து, அரைத்து விற்றவர் வாசகர்களின் காபிக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பெருங்குடி வாசகி: ராஜீவ் காந்தி சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். காலையில் போகும் வழியில் ஒரு கப்புச்சினோ, 210 ரூபாய். மாலை நான்கு மணிக்கு அலுவலகத்துக்கே வரவழைத்து இன்னொன்று, கொண்டுவரும் கட்டணத்தோடு 260 ரூபாய். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் நெஞ்சை அடைக்கிறது. 10,000 ரூபாய்க்குள் வீட்டுக்கு ஒரு எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்கிவிடலாமா? ஒரு பெட்டியில் 15 பார் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 20 பார். 4,500 ரூபாய்க்கு 5 பார் மெஷினும் கிடைக்கிறது. எதை வாங்கட்டும்?

பதில்: அம்மா, உங்கள் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 470 ரூபாய். மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் 10,340. மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தை மாதா மாதம் காகிதக் கோப்பையில் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? மெஷின் உட்காரப்போவது உங்கள் வீட்டுச் சமையலறையில். மாலை நான்கு மணிக்கு நீங்கள் உட்கார்ந்திருப்பது அலுவலகத்தில். ஆகவே அது மிச்சப்படுத்தப்போவது காலைக் காபியை மட்டும்தான். அந்த 260 ரூபாய்க் காபிக்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

முதலில் இந்தப் பார் விவகாரம். கப்புச்சினோவுக்கு அடிப்படையான கெட்டிக் காபிதான் எஸ்பிரெஸ்ஸோ. அது இறங்குவதற்குத் தேவைப்படும் அழுத்தம் சுமார் 9 பார். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 15, 20 எல்லாம் உள்ளே இருக்கும் பம்ப் அதிகபட்சம் எவ்வளவு தள்ளும் என்பதற்கான எண். ஸ்கூட்டர் மீட்டரில் 120 வரை போட்டிருக்கிறதே, அதில் என்றைக்காவது போயிருக்கிறோமா? 20 என்ற எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

அந்த 4,500 ரூபாய் மெஷினின் சங்கதி வேறு. அந்த ரகத்தில் பம்பே கிடையாது. மூடிய கலத்துக்குள் தண்ணீர் கொதித்து, அந்த ஆவியே வெந்நீரைத் தூளுக்குள் தள்ளும். கொதிநிலையில் போகும் தண்ணீர் தூளைத் தீய்த்துவிடும். காபி இறங்கியபிறகு பாலை நுரைக்கவைக்கத் திரும்பினால் ஆவி பெருமூச்சு விட்டு அடங்கியிருக்கும். இத்தாலியில் அல்ஃபோன்ஸோ பியாலெட்டி 1933இல் கொண்டுவந்த மோகா பாட் என்ற அடுப்புப் பாத்திரமும் ஆவி தள்ளுவதைத்தான் நம்பியிருக்கிறது. அதற்குப் பிளக் மாட்டி மூன்று பங்கு விலை சொன்னால் எப்படி? கடைக்காரரிடம் பார் எத்தனை என்று கேட்காதீர்கள். பம்ப் உண்டா என்று கேளுங்கள்.

பம்ப் உள்ளது 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. தூள் போடும் வடிகிண்ணத்தைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். இந்த விலையில் பெரும்பாலும் அதற்கு இரட்டை அடி இருக்கும். உள் அடியில் நிறையப் பொடித் துளைகள், வெளி அடியில் ஒரே ஒரு ஊசித் துளை. அந்த ஒற்றைத் துளையே அழுத்தத்தை உண்டாக்கிக்கொள்வதால், அரவை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஒற்றை அடிக் கிண்ணத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. அரவை இம்மி கரகரப்பானால் பத்து விநாடியில் கழுநீராக ஓடிவிடும். இம்மி நைசானால் சொட்டுகூட இறங்காது. சரியாக இருந்தால் 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடிக்குள். அதற்குக் கொட்டையை வீட்டிலேயே அரைக்க நல்ல அரவை மெஷின் வேண்டும். அதன் விலை காபி மெஷின் விலையை எட்டிப் பிடித்துவிடும். உங்களுக்கு இரட்டை அடியே போதும். காபி தெரிந்தவர்கள் அதைப் பார்த்து உதட்டைச் சுழிப்பார்கள். சுழிக்கட்டும், பணம் கொடுக்கப்போவது அவர்களா?

இனி காசுக் கணக்கு. கால் கிலோ 500 ரூபாய்த் தூள் என்று வைத்துக்கொண்டால் 18 கிராம் 36 ரூபாய். 150 மில்லி பால் பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆக 46 ரூபாய். ஒரு கோப்பைக்கு 164 ரூபாய் மிச்சம், மாதத்துக்கு 3,600 ரூபாய். மூன்றாம் மாத முடிவில் மெஷின் விலை கைக்கு வந்துவிடும். தினமும் போட்டால்.

அந்த 'போட்டால்'தான் எனக்குக் கவலை. மெஷின் சூடாகக் காத்திருக்க வேண்டும், தூளை அமுக்க வேண்டும், பாலை நுரைக்க வேண்டும், முடித்த கையோடு ஆவிக்குழாயை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைக்காமல் ஓடினால் மாலையில் குழாயின் மேல் பால் காய்ந்து சிமெண்ட் பூசியதுபோல் இருக்கும். என் மகள் வீட்டு மெஷினின் மேல் இப்போது ஒரு மணிப்ளாண்ட் வளர்கிறது. நல்ல செழிப்பான செடி.

ஆகவே என்னைக் கேட்டால், முதல் மாதம் 2,000 ரூபாயோடு நிறுத்துங்கள். 1,500 ரூபாய் அளவில் ஒரு மோகா பாட், 300 ரூபாய்க்குப் பேட்டரியில் சுழலும் நுரைக்கம்பி. வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும்தான் என்றால் எவர்சில்வர் பாட் பாருங்கள், அலுமினியம் அதில் சூடாகாது. அடிக்கலத்தில் வெந்நீரை வால்வுக்குக் கீழே நிற்கும்படி ஊற்றி, தூளை அமுக்காமல் தளர நிரப்பி, சிறு தீயில் வையுங்கள். கொரகொரவென்று சத்தம் வந்ததும் இறக்கிவிடுங்கள். வருவது எஸ்பிரெஸ்ஸோ அல்ல. ஆனால் நுரைத்த பாலோடு சேர்ந்தால் காகிதக் கோப்பைக் காபிக்கு அண்ணன் தம்பி உறவுதான். ஒரு மாதம் விடாமல் நீங்களே எழுந்து போட்டீர்கள் என்றால் தாராளமாகப் பம்ப் மெஷினை வாங்குங்கள்.

வாங்கியபிறகு, 'காபி சூடாகவே இல்லை' என்று எனக்கு எழுதுவீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன். கப்புச்சினோவுக்குப் பாலை 60, 65 டிகிரியோடு நிறுத்துவதுதான் வழக்கம். டம்ளரைத் துணி சுற்றிப் பிடித்துக் குடித்துப் பழகிய வாய்க்கு அது ஆறிய காபி. கோப்பையில் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கிக்கொண்டு, பாலை 70 வரை ஏற்றுங்கள், அதற்கு மேல் போனால் நுரையின் வழவழப்பு போய்விடும். பாக்கெட் பாலைக் குளிர்ந்தபடியே எடுத்து நுரைக்க வேண்டும். காய்ச்சி ஏடு படிந்த பால் சரிப்படாது. காய்ச்சாத பாலா என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்கள். பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்ததுதான் என்று சொல்லுங்கள். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. எனக்கு ஆரஞ்சுதான்.

மாலைக் காபிக்கு வருகிறேன். இரவு ஃபில்டரில் போட்ட டிகாஷனை ஒரு சின்ன எவர்சில்வர் குப்பியில் ஊற்றி எடுத்துப் போங்கள். அலுவலகத்தில் பால் சூடாக்க ஒரு மைக்ரோவேவ் இருந்தால் போதும். பத்து கிராம் தூள், நூறு மில்லி பால், சர்க்கரை என்று 30 ரூபாயைத் தாண்டாது. கப்புச்சினோவாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். காபியைவிட, அந்த நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குத்தான் 260 ரூபாய் கொடுக்கிறீர்களோ என்று எனக்கொரு சந்தேகம். அப்படியானால் குப்பியோடு மொட்டைமாடிக்குப் போய் வாருங்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். வழக்கமாக வாங்கும் ஃபில்டர் காபித் தூளைப் போட்டேன். மெஷின் முனகியது, ஒரு சொட்டு இறங்கவில்லை. கெட்டுப்போன மெஷினைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. நீங்கள் போட்டது சிக்கரி கலந்த தூள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முப்பது வருடம் சிக்கரி கலந்து விற்ற நானே இதில் மாட்டிக்கொண்டேன். மகள் வாங்கிய புதிதில், 'தள்ளு, காபி போடுவது எப்படி என்று நான் காட்டுகிறேன்' என்று 70-க்கு 30 கலவையை அள்ளிப் போட்டு அமுக்கினேன். இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பொறுமை இழந்து, தூள் கிண்ணம் மாட்டிய கைப்பிடியைத் திருப்பினேன். உள்ளே தேங்கியிருந்த அழுத்தம் தூளையும் வெந்நீரையும் சேர்த்து என் வெள்ளைச் சட்டையில் அடித்தது. மாப்பிள்ளை சிரிக்காமல் அடுத்த அறைக்குப் போய்விட்டார். நல்ல பிள்ளை.

சிக்கரி ஒரு கிழங்கு வேர். தண்ணீர் பட்டதும் ஊறிக் கரைந்து களியாகும். ஃபில்டரில் அது வரம்: தண்ணீரை நிதானமாக இறங்கவிட்டு டிகாஷனைக் கள்ளிச்சொட்டாக்கும். ஊசித் துளை வழியாகப் பாய வேண்டிய இடத்தில் அதே குணம் அடைப்பாகிவிடும். மெஷினை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துக் கைப்பிடியைக் கழற்றுங்கள். கிண்ணத்தை வெந்நீரில் ஊறப்போட்டு, துளையை மெல்லிய ஊசியால் குத்திவிடுங்கள்.

காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் உணவுச் சட்டம். அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி சட்டப்படியே வரலாம். எவ்வளவு என்று பாக்கெட்டில் போட்டிருப்பார்கள், எழுத்துதான் எறும்பு அளவில் இருக்கும். மெஷினுக்குச் சிக்கரியே இல்லாத தூள் வாங்குங்கள். அரைத்துத் தரும் கடையில் பீபெரியும் (உருண்டைக் கொட்டை) பிளாண்டேஷன் ஏயும் (அரபிகாக் கொட்டையில் ஒரு தரம்) பாதிப் பாதி கேட்டு, ஃபில்டர் அரவையைவிட ஒரு படி நைசாக அரைக்கச் சொல்லுங்கள். கால் கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம். அரைத்த தூள் இரண்டு வாரத்தில் மணத்தை இழந்துவிடும்.

சிக்கரியின் ருசி இல்லாமல் உங்களால் முடியாது என்றால் பழைய ஃபில்டருக்கே திரும்பிவிடுங்கள். பிள்ளைகள் வரும்போது மட்டும் மெஷினைத் துடைத்து வையுங்கள்.

திருநெல்வேலி வாசகி: அம்மாவுக்கு 74 வயது. கையில் மூட்டுவலி, ஃபில்டரைத் திருகித் திறக்க முடியவில்லை. காபியைப் பக்கத்துக் கடையிலிருந்து பார்சல் வாங்குகிறார். மின்சாரத்தில் டிகாஷன் இறக்கும் மெஷின் சரிப்படுமா?

பதில்: சரிப்படும். எஸ்பிரெஸ்ஸோ பக்கமே போகாதீர்கள். அதில் கைப்பிடியைத் திருகுவது ஃபில்டரைவிடக் கடினம். சொட்டுச் சொட்டாக இறக்கும் டிரிப் மெஷினில் தூளைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, பொத்தானை அழுத்தினால் முடிந்தது. நம் நாட்டுத் தயாரிப்புகள் 2,000, 3,000 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மூடி திறப்பதையும் தண்ணீர் ஊற்றுவதையும் கடையிலேயே அம்மாவின் கையால் செய்துபார்த்து வாங்குங்கள். விவரப் புத்தகத்தில் சொல்லும் அளவு வெள்ளைக்காரர் குடிக்கும் நீர்த்த கறுப்புக் காபிக்கானது. அந்தத் தூளுக்குத் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். இறங்கியதும் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். கீழே இருக்கும் சூட்டுத்தட்டில் அரை மணி நேரம் கிடந்தால் எப்பேர்ப்பட்ட டிகாஷனும் கஷாயமாகிவிடும்.

சிங்கப்பூர் வாசகர்: தேக்கா பக்கம் உள்ள கோப்பிக் கடையில் தினமும் இரண்டு கோப்பி 'பாவ்' செய்து, அதாவது பார்சலாக, வாங்குகிறேன். ஒன்று 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 60 காசு. தூள் அடைத்த சிறு குப்பியைப் போட்டுக் காபி இறக்கும் கேப்ஸ்யூல் மெஷினுக்கு ஒரு கேப்ஸ்யூல் 80 காசுதான் ஆகிறது. பாதிச் செலவு மிச்சமாகுமா?

பதில்: ஆகாது தம்பி. மகன் வீட்டுக்கு வந்திருந்தபோது நானும் உங்கள் ஊர்க் கோப்பியைக் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் வாங்கிக் குடித்திருக்கிறேன். அது ரொபஸ்டா கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்து, துணிப் பையில் வடித்து, கெட்டிப்பால் ஊற்றிக் கலக்குவது. ஒரு கேப்ஸ்யூலில் இருப்பது ஐந்தாறு கிராம் தூள். கெட்டிப்பாலுக்கு முன்னால் அது நிற்காது. நிற்கவைக்க இரண்டு கேப்ஸ்யூல் போட்டால் அங்கேயே 1 வெள்ளி 60 காசு வந்துவிட்டது, மெஷின் விலை தனி. கோப்பித் தூளும் ஒரு துணிப் பையும் வாங்கிக்கொள்ளுங்கள். பையைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், வெறும் வெந்நீர் போதும். கேப்ஸ்யூல் மெஷின்மீது ஆசை என்றால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. மிச்சம் பிடிக்கிறேன் என்று மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள்.

மடிப்பாக்கம் வாசகர்: ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். வாங்கிய எட்டாம் மாதமே மெஷினில் தண்ணீர் நூலாக வருகிறது. எலுமிச்சம்பழச் சாறு ஊற்றினால் சரியாகும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: உள்ளே உப்புப் படிந்திருக்கிறது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள், சிட்ரிக் அமிலம்தான் அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கரைத்து, பாதியை மெஷின் வழியாக ஓடவிட்டு, இருபது நிமிடம் அணைத்துவைத்து, மீதியையும் ஓடவிடுங்கள். பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீர். இனிமேல் காபிக்குக் குடிதண்ணீரையே ஊற்றுங்கள். நண்பர் சொன்னபடி பழத்தைப் பிழிய வேண்டாம். விதை உள்ளே மாட்டிக்கொண்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.