சனிக்கிழமை ராத்திரி லாரி எடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 36. பிடித்தம் போகக் கையில் 26,000 ரூபாய் வருகிறது. என் மனைவியின் அண்ணன் பத்துச் சக்கர லாரி வைத்திருக்கிறார். டிரைவர் கிடைக்காத வாரங்களில், சனிக்கிழமை ராத்திரி வண்டியை எடுத்து தூத்துக்குடி போய்விட்டு ஞாயிறு ராத்திரிக்குள் திரும்பிவிடச் சொல்கிறார். எனக்கு எட்டு வருடமாகக் கார் லைசென்ஸ் இருக்கிறது. “அதே போதும்னு கோர்ட்டே சொல்லிருச்சு மாப்பிள்ளை” என்கிறார். அல்லது லோன் போட்டு ஒரு குட்டியானை வாங்கி, ஓய்வு நேரத்தில் நானே ஓட்டலாமா? கம்பெனிக்குத் தெரிந்தால் பிரச்சினை வருமா? வரி கட்ட வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் மச்சான் தீர்ப்பில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார், தம்பி. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அப்படித் தீர்ப்பளித்தது உண்மை. கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸை வைத்தே சரக்கு வண்டியும் ஓட்டலாம், தனியாக பேட்ஜ் வேண்டாம் என்றது. ஆனால் அது மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. மொத்த எடை என்றால் வண்டியும் லோடும் சேர்ந்தது. பத்துச் சக்கர லாரி லோடோடு 28 டன் வரை வரும். அதற்கு ஹெவி லைசென்ஸ் இல்லாமல் முடியாது. செக்போஸ்ட்டில் கட்டும் அபராதத்தோடு முடிகிற விஷயமும் இல்லை இது. விபத்தில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அவர்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, “சரியான லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தாய்” என்று முழுத் தொகையையும் உங்கள் மச்சானிடமே திருப்பி வசூலிக்கலாம். அதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, ஹெவி லைசென்ஸ் எடுத்துவிடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்தத் தூத்துக்குடி யோசனைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். சனிக்கிழமை உங்கள் ஊரில் சம்பள நாள். ஒன்றரை ஷிப்ட் பார்த்து, ஆட்களுக்குச் சம்பளம் போட்டு அனுப்பிவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிப்பீர்கள். தாராபுரம், திண்டுக்கல் தாண்டி மதுரை வரும்போது மணி இரண்டோ மூன்றோ ஆகியிருக்கும். அதற்கு மேல் அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகக் கரிசல் காட்டு நடுவே நாலு வழிச்சாலை. வளைவும் கிடையாது, கூட்டமும் கிடையாது. விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தானாகத் தூங்கப் பார்க்கிற நேரம். காலையிலிருந்து நின்று வேலை பார்த்தவருக்குக் கண் சொக்குவது தெரிவதற்குள் வண்டி ஓரத்தில் நிற்கும் லாரியின் பின்னால் போயிருக்கும். வருடக்கணக்காக ராத்திரி ஓட்டுகிறவர்களே பகலில் தூங்கிவிட்டுத்தான் வண்டி எடுக்கிறார்கள்.

போய்ச் சேர்ந்தாலும் இறக்குவது உங்கள் கையில் இல்லை. ஆள் வர வேண்டும், வரிசை நகர வேண்டும். காலி வண்டியாகத் திரும்பினால் டீசலுக்கே கட்டாது என்பதால், “ரிட்டர்ன் லோடு சொல்லியிருக்கேன், கொஞ்சம் இருங்க மாப்பிள்ளை” என்று போன் வரும். அந்தக் ‘கொஞ்சம்’ திங்கட்கிழமை மதியம் வரை நீளலாம். இங்கே உங்கள் லைன் ஆளில்லாமல் நிற்கும்.

குட்டியானை விஷயத்துக்கு வருவோம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருப்பதால் அதற்கு பெர்மிட் தேவையில்லை. மஞ்சள் நம்பர் பிளேட்டும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழும் வேண்டும். உங்கள் லைசென்ஸும் செல்லும். சிக்கல் கணக்கில்தான். திருப்பூரில் இந்த வண்டிகளுக்கு ஓட்டம் கொடுப்பது நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறை, அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங் என்று வார நாளில் நடக்கும் லோடுகள். அந்த நேரத்தில் நீங்கள் கம்பெனிக்குள் இருப்பீர்கள். கூப்பிட்ட நேரத்தில் வராத வண்டியைப் பார்ட்டி இரண்டாவது தடவை கூப்பிட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கிடைப்பது வீடு மாற்றும் சாமான், முகூர்த்த நாளில் பந்தல் சாமான், சமையல் பாத்திரம். அதற்காக மாதம் முழுவதும் தவணை, இன்சூரன்ஸ், டயர் என்று கட்டிக்கொண்டிருக்க முடியாது. டிரைவர் போட்டு ஓட்டலாம், ஆனால் அது வேறு தொழில். அப்போது நீங்கள் முதலாளி, தினமும் போனில் சண்டை போட வேண்டியிருக்கும்.

எனவே முதல் சில மாதங்களுக்கு வண்டி வாங்காதீர்கள். ஸ்டாண்டில் யாராவது ஞாயிற்றுக்கிழமை லீவு எடுப்பார்கள். அவர்களுக்குப் பதிலாகப் பகல் நேர ஆக்டிங் டிரைவராகப் போங்கள், நாள் சம்பளம் பேசிக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவரிடம் கூலி பேசுவது மச்சானிடம் பேட்டா கேட்பதைவிடச் சுலபம். சாவியை வாங்குமுன் ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதிகளைப் பார்த்துவிடுங்கள். பாலிசியில் சம்பள டிரைவருக்கும் கவர் இருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள். 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று போட்டிருப்பது வண்டிச் சொந்தக்காரருக்கு, உங்களுக்கு அல்ல. உங்கள் சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாயைத் தாண்டிவிட்டதால் அந்தப் பக்கமும் கைகொடுக்காது. உங்கள் பெயரில் ஒரு விபத்து பாலிசி எடுத்துவிட்டுப் போங்கள்.

கம்பெனி விஷயத்தில், தனியார் வேலையில் இருப்பவர் லீவு நாளில் வண்டி ஓட்டக் கூடாது என்று பொதுவாகச் சட்டம் எதுவும் இல்லை. உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ‘வேறு வேலை பார்க்கக் கூடாது’ என்ற வரி இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எப்படியும் மானேஜர் காதில் போட்டுவையுங்கள், திருப்பூர் சின்ன ஊர். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் கம்பெனியின் லோடை நீங்கள் ஓட்டும் வண்டிக்குத் திருப்பிவிடாதீர்கள். வேலை போவது பெரும்பாலும் அதில்தான்.

வரியைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். உங்கள் சம்பளத்தோடு ஆக்டிங் கூலியைச் சேர்த்தாலும் கட்ட வேண்டிய அளவுக்கு வராது. பின்னாளில் சொந்தமாகக் குட்டியானை வாங்கினால், பில் புத்தகம் வைக்காமலே மாதம் 7,500 ரூபாய் லாபம் என்று காட்டும் வசதி வருமான வரியில் உண்டு. ஆனால் வண்டி ஓடாமல் வீட்டு வாசலில் நின்ற மாதத்துக்கும் அதே 7,500 கணக்குத்தான்.

மச்சானிடம், “ஹெவி லைசென்ஸ் இல்லாம நான் வண்டியைத் தொட்டா இன்சூரன்ஸ்காரன் உங்ககிட்டதான் வசூல் பண்ணுவான்” என்று சொல்லிவிடுங்கள். தூக்கத்தைக் காரணம் சொன்னால் “ரெண்டு டீ குடிச்சா சரியாயிரும்” என்பார். பணக் கணக்கு என்றால் மறுபேச்சு பேச மாட்டார்.