அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் சீசன் முடிந்ததும் நடக்கும் பவுல் போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று கணிக்க எந்தப் புள்ளிவிவரங்களைப் பார்க்க வேண்டும்?

மொத்த யார்டுகளை (பந்தோடு முன்னேறிய தூரத்தை) வைத்து முடிவெடுக்காதீர்கள், பலவீனமான அணிகளோடு ஆடியே அந்த எண்ணை ஏற்றியிருக்கலாம். ஒரு பிளேக்கு, அதாவது பந்தை முன்னேற்றும் ஒரு முயற்சிக்கு, சராசரியாக எத்தனை யார்டு எடுக்கிறார்கள், எத்தனை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள், அதையும் வலுவான எதிரணிகளோடு ஆடிய போட்டிகளுக்குத் தனியாக. டர்ன்ஓவர் கணக்கை, அதாவது பந்தை எதிரணியிடம் எத்தனை முறை இழந்தார்கள், பறித்தார்கள் என்பதை, நான் அவ்வளவாக நம்புவதில்லை, கை நழுவிய பந்து யாரிடம் போகும் என்பதில் அதிர்ஷ்டம் நிறைய.

சரி, இதையெல்லாம் விட முக்கியம், யார் ஆடப்போகிறார்கள்? என்எஃப்எல் டிராஃப்டுக்காக (தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஒதுங்குபவர்கள், வேறு கல்லூரிக்கு மாறுபவர்கள் என்று பவுல் சமயத்தில் அணியே ஆளுக்கொரு பக்கமாகக் கலைந்துவிடும். 2023 டிசம்பர் 30 அன்று நடந்த ஆரஞ்சு பவுலுக்கு ஃபுளோரிடா ஸ்டேட் 13 வெற்றிகளோடு, தோல்வியே இல்லாமல் வந்தது. ஆனால் நவம்பரில் காயம்பட்ட குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸ் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஆடவில்லை, எதிரணியான ஜார்ஜியா 63-3 என்று நொறுக்கித் தள்ளியது. ஆடாதவர்கள் பட்டியலை முதலில் பாருங்கள், அப்புறம் சராசரிகளுக்கு வாருங்கள்.